பாட்டிக்குப் பிறந்தநாள்: வாசகர் கேள்விகள், எங்கள் பதில்கள்

பாட்டியின் பிறந்தநாளை எப்படிக் கொண்டாடுவது என்று சென்னை வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதங்களில் ஏழுக்கு இங்கே பதில் சொல்கிறோம். சிலவற்றுக்கு விரிவாகவும் சிலவற்றுக்குச் சுருக்கமாகவும் எழுதியிருக்கிறோம்.

பாட்டியின் ஆதார் அட்டையில் 1.1.1946 என்று இருக்கிறது. அவரோ "விய வருஷம், ஐப்பசி மாசம், ரோகிணி, விடியக்காலம்" என்கிறார். எந்த நாளில் கொண்டாடுவது? எண்பது எப்போது நிறைகிறது?
– வாசகி, மேற்கு மாம்பலம்

பாட்டி சொல்வதுதான் சரியான பிறந்தநாள். வருடம் மட்டும் தெரிந்து தேதி தெரியாதவர்களுக்கு ஆதாரில் ஜனவரி 1 என்று பதிவது வழக்கம். அதை நம்பிப் புத்தாண்டு அன்று கேக் வெட்டினால் பாட்டிக்கு அது தன் பிறந்தநாளாகவே தோன்றாது.

விய வருடம் 1946 ஏப்ரலில் தொடங்கியது. அதன் ஐப்பசி, அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை. பழைய ஆண்டுகளுக்குப் போகக்கூடிய பஞ்சாங்கச் செயலி எதிலாவது அந்த மாதத்தைத் திறந்து, ரோகிணி எந்த நாளில் எத்தனை மணி வரை இருந்தது என்று பாருங்கள். நட்சத்திரச் சுற்று 27 நாளும் சில மணி நேரமும் கொண்டது. தமிழ் மாதமோ 29 முதல் 32 நாள் வரை ஓடும். அதனால் மாதத்தின் முதல் சில நாட்களில் வந்த நட்சத்திரம் கடைசியில் மறுபடியும் வரலாம். அப்படி இரண்டு வந்தால் பின்னால் வருவதையே பிறந்தநாளாக எடுப்பது பெரும்பாலான வீடுகளின் வழக்கம். பிறந்த கிழமை பாட்டிக்கு நினைவிருந்தால் அதை வைத்தும் சரிபார்க்கலாம்.

பலர் தவறுவது "விடியக்காலம்" என்ற இடத்தில்தான். நம் கணக்கில் நாள் சூரிய உதயத்தில் தொடங்கும். அதிகாலை 3 மணிக்குப் பிறந்தவருக்கு வீட்டார் சொல்லும் கிழமை முந்தைய நாளுடையதாக இருக்கும். ஆங்கிலத் தேதியோ மாறிவிட்டிருக்கும். கிழமையும் தேதியும் ஒரு நாள் இடறினால் முதலில் இதைப் பாருங்கள்.

வருடத்தின் பெயரே தெரியாதவர்கள் அக்கா, தம்பிகளின் வயதை வைத்து நெருங்கலாம். ஜப்பான் குண்டு போடும் என்று பயந்து 1942 ஏப்ரலில் சென்னை காலியானது, 1943 அக்டோபரில் வெள்ளம் ஊருக்குள் புகுந்தது, 1947 ஆகஸ்ட் சுதந்திரம் எல்லாமே அந்தத் தலைமுறைக்கு நல்ல அடையாளக் கற்கள். "வெள்ளத்தப்போ அண்ணன் இடுப்புக் குழந்தை, நான் பிறக்கவே இல்லை" என்ற ஒரு வரியே கீழ் எல்லையைக் கொடுத்துவிடும்.

உங்கள் பாட்டிக்கு 80 நிறைவது 2026 ஐப்பசி ரோகிணியில். ஆயிரம் பிறை காண்பதைத்தான் கேட்கிறீர்கள் என்றால் அது இன்னும் தள்ளி வரும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி சராசரியாக 29.53 நாள், ஆயிரத்துக்கு 29,530 நாள், அதாவது ஏறத்தாழ 80 வருடம் 10 மாதம். வீட்டு வழக்கில் 80 வயது 8 மாதம் என்று சொல்வார்கள். எதை எடுப்பது என்பதை உங்கள் வீட்டு வாத்தியார் (புரோகிதர்) சொல்லட்டும்.

ஒரு எச்சரிக்கை. சரியான தேதி கிடைத்துவிட்டதே என்று ஆதாரைத் திருத்தக் கிளம்பிவிடாதீர்கள். பென்ஷன், வங்கி, காப்பீடு எல்லாம் பழைய தேதியோடு பிணைந்திருக்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றவை ஒவ்வொன்றாக இடிக்கத் தொடங்கும்.

தாத்தா காலமாகிவிட்டார். "எனக்கெதுக்குடா பிறந்தநாளெல்லாம்" என்று பாட்டி மறுக்கிறார். சதாபிஷேகம் தம்பதிக்குத்தானே? பாட்டிக்கு மட்டும் ஒன்றும் செய்யக்கூடாதா?
– வாசகர், திருவல்லிக்கேணி

தாராளமாகச் செய்யலாம். 60-இல் மணிவிழா, 70-இல் பீமரத சாந்தி, 80-ஐ ஒட்டிய சதாபிஷேகம் ஆகியவை கணவரின் வயதை வைத்துத் தம்பதியாக உட்கார்ந்து செய்பவை. ஆயுஷ்ய ஹோமம் அப்படியல்ல. அது பிறந்தவருக்கு அவருடைய ஜன்ம நட்சத்திரத்தில் செய்வது. ஹோமம் வேண்டாம் என்றால் அன்று காலை கோயிலில் அவர் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை, மதியம் அவர் பெயரில் அன்னதானம். அதுவே நிறைவாக இருக்கும்.

"எனக்கெதுக்கு" என்பதற்குள் பல காரணங்கள் ஒளிந்திருக்கும். உங்களுக்குச் செலவு வைக்கக்கூடாது என்பது ஒன்று. இரண்டு மணி நேரம் எழுந்து பாத்ரூம் போக முடியாமல் உட்கார வேண்டுமே என்பது இன்னொன்று. கூட்டத்தில் யார் பேசுவதும் காதில் விழாது என்ற கூச்சமும் உண்டு. கணவர் இல்லாத தன்னை நடுவில் உட்காரவைத்தால் யாராவது ஏதாவது சொல்வார்களோ என்ற பழைய பயம் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும். எது காரணம் என்று கூட்டத்தில் கேட்காதீர்கள். தலைவாரிவிடும்போதோ கால் பிடித்துவிடும்போதோ தனியாகக் கேளுங்கள். "பண்ணலாமா வேண்டாமா" என்று கேட்டால் பதில் "வேண்டாம்" என்றுதான் வரும். "காலையில வெச்சுக்கலாமா, சாயங்காலமா? யார் யார் வந்தா உங்களுக்குச் சந்தோஷம்?" என்று கேட்டால் பேச்சு நகரும்.

ஆரத்தி, பூ, குங்குமம் பற்றியும் முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள். சிலர் ஆசையாக ஏற்பார்கள், சிலருக்கு மனம் ஒப்பாது. இரண்டுமே அவர் முடிவு. எல்லார் முன்னிலையிலும் வற்புறுத்திப் பூ வைத்துவிடுவது முற்போக்கு ஆகாது. அவருக்கு அது சங்கடம். ஆனால் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கைம்பெண் என்பதற்காகப் பாட்டியை ஓரமாக உட்காரச் சொல்லும் உறவினர் யாராக இருந்தாலும் அவருக்கு அந்த வீட்டில் அந்த அதிகாரம் கிடையாது. பாட்டிதான் நடுவில் உட்கார வேண்டும். ஆசீர்வாதம் அவர் கையிலிருந்துதான் வர வேண்டும். இதை விழாவுக்கு ஒரு வாரம் முன்பே, பேச வேண்டிய ஆளிடம், வீட்டுப் பெரியவர் ஒருவர் பேசிவிட வேண்டும்.

பாட்டி சமையல் யாருக்கும் கைவரவில்லை. கேட்டால் "கண்ணளவுதான்" என்கிறார். பிறந்தநாளுக்குள் அவருடைய குழம்பு, ரசப்பொடியை எல்லாம் எழுதிச் சின்னப் புத்தகமாக்க ஆசை. எப்படி அளப்பது?
– வாசகி, பெரம்பூர்

இதைவிடச் சிறந்த பிறந்தநாள் பரிசு குறைவு. ஆனால் "எவ்வளவு புளி?" என்று நோட்டும் கையுமாக நின்றால் காரியம் கெட்டுவிடும். கேள்வி கேட்டதும் பாட்டி யோசிக்கத் தொடங்குவார். யோசித்துப் போடும் அளவு அவர் கை போடும் அளவாக இருக்காது.

கேட்காமல் அளக்க வழி இருக்கிறது. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். பாட்டி சமையல்கட்டுக்குள் வருவதற்கு முன், அவர் கை வைக்கப்போகும் ஒவ்வொரு டப்பாவையும், புளிப் பானை, உப்புச் சாடி, எண்ணெய்த் தூக்கு உட்பட, எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அவர் போக்கில் சமைக்கட்டும். முடிந்ததும் எல்லா டப்பாவையும் மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடைதான் அவர் போட்ட அளவு. புளிக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை உண்டு. கரைத்த பின் பிழிந்தெடுத்த சக்கையையும் நிறுத்து எழுதுங்கள், ஏனென்றால் பழைய புளிக்கும் புதுப் புளிக்கும் சக்கை வேறுபடும். பெருங்காயம், வெந்தயம் போன்றவை ஒரு கிராம் தராசில் காட்டாது. 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். இல்லையென்றால் வெந்தயத்தை எண்ணிவிடலாம்.

தண்ணீருக்கு அவர் வழக்கமாக மொள்ளும் சொம்பைத் தராசில் வைத்து நிரப்புங்கள். ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லி. ஆழாக்கு, உழக்குக்கும் இதேதான். ஓர் ஆழாக்கு 168 மில்லி, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு என்பது ஏட்டுக் கணக்கு. வீட்டில் இருக்கும் பித்தளை ஆழாக்கு அதற்குக் கூடவோ குறையவோ இருக்கும். புத்தகத்தில் போட வேண்டியது உங்கள் வீட்டு ஆழாக்கின் கொள்ளளவு. தலைதட்டி அளக்கிறாரா, கூம்பாக அளக்கிறாரா என்றும் குறியுங்கள். தலைதட்டிய ஆழாக்குப் பச்சரிசி சுமார் 140 கிராம். கூம்பாக அள்ளினால் எடை நன்றாகவே ஏறும்.

நேரத்தையும் எழுதுங்கள், அதோடு பாட்டி எதைக் கண்டு அடுத்த வேலைக்குப் போகிறார் என்பதையும் எழுதுங்கள். "7 நிமிடம்" என்பது பாதிச் செய்திதான். "பச்சை வாசனை போய், ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, கொதிச் சத்தம் தடித்ததும்" என்பதுதான் மீதி. அந்த மீதியைச் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். முகம் வேண்டாம், பாத்திரமும் கையும் சத்தமும் போதும்.

ஒரே பதார்த்தத்தை மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள். மிளகாயின் காரமும் புளியின் வயதும் மாறும்போது பாட்டியின் கை தானாக மாறும். மூன்று அளவும் ஒன்றுக்கொன்று எங்கே விலகுகின்றன என்று பார்த்தால், அவர் எதை ருசித்துத் திருத்துகிறார் என்பது தெரியும். அந்த இடத்தில் அளவு எழுதாமல் "ருசி பார்த்துச் சேர்க்கவும்" என்று எழுதுவதுதான் நேர்மை.

எழுதி முடித்த பின்னும் உங்கள் கையில் அந்த ருசி வராமல் போக இரண்டு காரணங்கள் அடிக்கடி அமைகின்றன. ஒன்று பாத்திரம். பாட்டி கல்சட்டியில் குழம்பு வைப்பவர் என்றால், அடுப்பை அணைத்த பின்னும் அது சில நிமிடம் கொதித்துக்கொண்டே இருக்கும். அவர் முன்கூட்டியே அணைப்பது அதனால்தான். அதே நேரத்தில் எவர்சில்வர் பாத்திரத்தில் அணைத்தால் குழம்பு சேர்ந்திருக்காது. இன்னொன்று, அளவைப் பெருக்குவது. நாலு பேர் குழம்பை எட்டுப் பேருக்கு ஆக்கும்போது தண்ணீரை இரட்டிக்கக்கூடாது. பெரிய பாத்திரத்தில் அளவுக்கு ஏற்ற வேகத்தில் தண்ணீர் வற்றாது. ஒன்றேமுக்கால் பங்கில் தொடங்குங்கள். உப்பையும் புளியையும் அதே ஒன்றேமுக்கால் பங்கில் தொடங்குங்கள்.

நடைமுறைப் புத்தகமாக இருக்க வேண்டும் என்றால் பக்கத்துக்கு ஒரு பதார்த்தம், பெரிய எழுத்து, ஸ்பைரல் கட்டு. மல்லாக்க விரித்தால் விரிந்தபடி நிற்க வேண்டும். பாட்டி அதை எப்போது, யாருக்காகச் சமைப்பார் என்று ஒரு வரி சேருங்கள்.

பாட்டியின் பேச்சைப் பதிவுசெய்து வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைக்கிறோம். கேமரா வைத்தால் "என்னத்தச் சொல்றது" என்று நிறுத்திவிடுகிறார். பதிவு செய்ததிலும் ஒரே இரைச்சல்.
– வாசகர், அண்ணா நகர்

இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் மின்விசிறியும் தெருவும்தான். ஏ.சி. இருந்தால் பதிவுக்கு அரை மணி நேரம் முன்பே அறையைக் குளிரவைத்து, பேசும்போது அணைத்துவிடுங்கள். தெருப்பக்கம் இல்லாத, மெத்தையும் துணி அலமாரியும் உள்ள படுக்கையறை நல்லது. வெறும் சுவரும் டைல்ஸும் உள்ள ஹாலில் குரல் எதிரொலிக்கும். குக்கர் விசில், ஃபிரிட்ஜ் உறுமல், காய்கறி வண்டி ஸ்பீக்கர் மூன்றையும் கணக்கில் வைத்தால் காலை 10 மணியிலிருந்து 11 வரை சரியாக வரும். காலை உணவும் மாத்திரையும் முடிந்து பாட்டியும் தெளிவாக இருப்பார்.

செல்போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், பாட்டியின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். காலர் மைக் இருந்தால் தாடைக்கு ஒரு சாண் கீழே, தங்கச் சங்கிலியும் பட்டுப்புடவையும் உரசாத இடத்தில் குத்துங்கள். புடவைச் சரசரப்பை எந்த மென்பொருளாலும் முழுதாக எடுக்க முடியாது. முதலில் ஒரு நிமிடம் பதிந்து, ஹெட்போனில் கேட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். கேமரா தடையாக இருந்தால் முதல் இரண்டு நாள் ஒலி மட்டும் போதும். பதிவு நடக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தே இருக்க வேண்டும், ஒளித்துவைத்துப் பதியாதீர்கள்.

"உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. இடத்தையும் பொருளையும் பிடித்துக் கேளுங்கள். "கல்யாணம் ஆகி வந்த வீட்டுல கிணறு எந்தப் பக்கம் இருந்துச்சு? முதல் நாள் என்ன சமைக்கச் சொன்னாங்க? உங்க கையில முதன்முதலா உங்க பேர்ல பணம் வந்தது எப்போ?" இப்படிப்பட்ட கேள்விகளில் கதை தானே வரும். கடைசிக் கேள்வியை அவசியம் கேளுங்கள். நம் பாட்டிமார்களின் உறுதி எங்கிருந்து வந்தது என்பது பணமும் நகையும் வீட்டுக்குள் எப்படி நகர்ந்தன என்ற கதைகளில்தான் இருக்கிறது. பழைய ரேஷன் அட்டை, பித்தளைக் குடம், ஒரு பழைய கடிதம் என்று ஏதாவது ஒன்றைக் கையில் கொடுத்துக் கேட்டால் இன்னும் நன்றாகப் பேசுவார்.

பதிவைக் கெடுப்பவர் பெரும்பாலும் அருகில் உட்காரும் மகனோ மகளோதான். "அம்மா, அது அறுபத்தெட்டுல்ல, அறுபத்தொன்பது" என்று ஒரு முறை திருத்தினால் பாட்டி ஒவ்வொரு வரிக்கும் அவர் முகத்தைப் பார்க்கத் தொடங்குவார். திருத்தம் எல்லாம் பிறகு தாளில். அறையில் கேட்பவர் ஒருவர், அதுவும் பேரனோ பேத்தியோ. பாட்டி பேசி நிறுத்தியதும் அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். முக்கியமானது அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும். 40 நிமிடத்தோடு நிறுத்திவிடுங்கள். அழுகை வந்தால் பதிவை நிறுத்தித் தண்ணீர் கொடுங்கள். தொடர்வதா என்பதை அவரே சொல்லட்டும். "இது வெளில வேணாம்" என்று அவர் சொன்ன பகுதியைத் தனிக் கோப்பாக வெட்டி வைத்துவிடுங்கள். உறவினர் குழுவில் அது போகக்கூடாது.

சுருக்காத வேவ் கோப்பில் ஒற்றைத் தடமாகப் பதிந்தால் நிமிடத்துக்கு 5 எம்.பி. வரை ஆகும், 40 நிமிடத்துக்கு சுமார் 200 எம்.பி. இடத்துக்குப் பயந்து சுருக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் "டாக்குமெண்ட்" ஆக அனுப்புங்கள். கோப்புக்குத் தேதியும் பேச்சின் பொருளும் பெயராக இருக்கட்டும். ஒரு பிரதி கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தள வீடுகளில் ஆல்பங்கள் மொத்தமாகப் போனதைப் பார்த்த ஊருக்கு இந்த மூன்றாவது பிரதி ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

தாத்தா பாட்டி கல்யாண போட்டோ ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கிறது. பிரித்துப் பெரிதாக்கி விழாவில் வைக்கலாமா?
– வாசகி, ராயபுரம்

பிரிக்கவே பிரிக்காதீர்கள். போட்டோவின் மேற்பரப்பில் இருப்பது ஜெலட்டின். கடற்கரை ஊரின் ஈரத்தில் அது ஊறிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். தண்ணீரில் நனைப்பது, ஹேர் டிரையர் காட்டுவது எல்லாம் ஆபத்து. கண்ணாடியோடு சேர்த்தே பின்னட்டையை மட்டும் கழற்றி, கண்ணாடியின் வெளிப்பக்கத்தை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, ஸ்கேனரில் கவிழ்த்து எடுங்கள்.

மூன்றரைக்கு ஐந்து அங்குலப் படத்தை 600 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்தால் ஏழுக்குப் பத்து அங்குலம் வரை தெளிவாகப் பெரிதாக்கலாம். பெரிய சட்டகம் வேண்டும் என்றால் 1200-இல் எடுங்கள்; அதில் பதினான்குக்கு இருபது வரை போகும். ஜே.பெக் போதாது, தரம் குறையாத டிஃப் கோப்பும் கேட்டு வாங்குங்கள். செயலியில் வண்ணம் ஏற்றி, முகத்தைக் கூராக்கித் தருகிறார்கள். அது இல்லாத கண்ணிமைகளையும் பற்களையும் கற்பனையாக வரைந்துவிடும், பாட்டி பார்த்துவிட்டு "இது யாரு?" என்பார். கறுப்பு வெள்ளையிலேயே, கீறல் மட்டும் நீக்கி வையுங்கள். மற்ற போட்டோக்களின் பின்புறம் பெயர்களை மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் அழுத்தினால் முன்பக்கம் தடம் தெரியும். யார் யார் என்று சொல்லக்கூடியவர் இப்போது பாட்டி ஒருவர்தான். ஆகவே அதை விழாவுக்கு முன்பே முடியுங்கள்.

வயது 80, மூட்டுவலி, சர்க்கரைக்கு இன்சுலின், ஒரு காதில் கருவி. குடியிருப்பு ஹாலில் 60 பேரை அழைத்திருக்கிறோம். பாயசம் கொடுக்கலாமா? எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், வேளச்சேரி

முதலில் சாப்பாட்டு நேரம். மற்றதெல்லாம் பிறகு. விழாக்களில் வரும் பெரிய ஆபத்து பாயசத்தால் இல்லை, இன்சுலின் போட்ட பிறகு சாப்பாடு தள்ளிப்போவதால் வருவது. வாழ்த்துரை நீண்டு, போட்டோ நீண்டு, ஒரு மணிக்கு இலை போட வேண்டியது இரண்டரை ஆகும். வியர்வை, கை நடுக்கம், பேச்சுத் தடுமாற்றம் தெரிந்தால் சர்க்கரை இறங்குகிறது என்று பொருள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதியுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். இந்த நிலையே வராமலிருக்க, சாப்பாடு கண்ணுக்கு முன் வந்த பிறகே ஊசி, பாட்டிக்கு 12.30-க்கு முதல் இலை என்று வீட்டில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். விருந்தினர் பந்தி எப்போது வேண்டுமானாலும் நடக்கட்டும்.

பாயசம் கொடுக்கலாம், அளவோடு. "வெல்லம் போட்டா சர்க்கரை ஏறாது" என்பது தவறு. வெல்லத்தில் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். 20 பேருக்குப் பாசிப்பருப்புப் பாயசம் என்றால் பருப்பு 250 கிராம், வெல்லம் 500 கிராம், தேங்காய் இரண்டு. மொத்தம் இரண்டு லிட்டர் சொச்சம் வரும். 100 மில்லியில் கிட்டத்தட்ட 25 கிராம் வெல்லம் இருக்கும். பாட்டிக்கு அரைக் கிண்ணம், 50 மில்லி, சாப்பாட்டின் கடைசியில். அதற்கு ஈடாகச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்து. மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முந்திரியை முழுதாகப் போடாமல் உடைத்து வறுத்துப் போட்டால் பல்செட்டுக்குள் சிக்காது.

பருப்பை நெய்யில் வாசம் வர வறுத்துக் குழைய வேகவைத்து, கரைத்து வடிகட்டிய வெல்லத்தைச் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். பருப்பு வேகும் முன் வெல்லம் சேர்த்தால் பிறகு வேகவே வேகாது. இரண்டாம் பாலைச் சேர்த்து ஒரு கொதி. அடுப்பை அணைத்த பின்தான் முதல் பால். முதல் பாலைக் கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரிந்து திரிதிரியாகும். பசும்பால் சேர்ப்பவர்களுக்குத் திரிவது வெல்லத்தின் லேசான புளிப்பாலும் அதிலுள்ள உப்புகளாலும். வெல்லப்பாகும் பாலும் இரண்டுமே ஆறிய பிறகு கலந்தால் போதும்.

மூட்டுவலிக்கு ஏற்றது கைப்பிடி உள்ள, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குக் குறையாத நாற்காலி. மெத்து மெத்தென்ற மேடை சோபாவில் உட்கார்ந்தால் எழ முடியாது. கழிப்பறைக்கு அருகான பக்கத்தில் போடுங்கள். மாலை ஒன்று போதும், அதுவும் மெல்லியதாக. போட்டோ எடுத்ததும் கழற்றிவிடலாம். உதிரிப்பூ தூவ வேண்டாம், டைல்ஸில் நனைந்த இதழ் வழுக்கும். 60 பேரும் தனித்தனியாக நமஸ்காரம் செய்ய ஆளுக்கு 40 விநாடி என்றால் 40 நிமிடம். ஒவ்வொருவருக்கும் குனிந்து தலையைத் தொட்டால் பாட்டிக்கு இடுப்பு போய்விடும். குடும்பம் குடும்பமாக வரட்டும், அட்சதை அவர் கைக்கு எட்டும் தட்டில் இருக்கட்டும்.

காதுக்கருவி எல்லாச் சத்தத்தையும் சேர்த்தேதான் பெருக்கும். ஸ்பீக்கரை பாட்டிக்குப் பின்னால் வைக்காதீர்கள், பின்னணிப் பாட்டு வேண்டாம். வாழ்த்துபவர் மேடை மைக்கில் கூட்டத்தைப் பார்த்துப் பேசினால் பாட்டிக்கு ஒன்றும் கேட்காது. அவருக்கு நன்றாகக் கேட்கும் காதுப் பக்கம் ஒரு நாற்காலி போடுங்கள். பேசுபவர் அதில் உட்கார்ந்து, பாட்டி முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசட்டும். கூட்டத்துக்குக் கேட்க மைக் இருக்கட்டும்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். பாட்டி பிறந்தநாளில் நான் பேச வேண்டும். "அன்பே உருவானவர்" என்று எழுதினேன், எனக்கே பிடிக்கவில்லை. பாட்டியைக் கடற்கரைக்கும் அழைத்துப்போக ஆசை, ஆனால் அவரால் மணலில் நடக்க முடியாது.
– மாணவி, கொளத்தூர்

உங்களுக்குப் பிடிக்காததற்குக் காரணம், அந்த வரி எந்தப் பாட்டிக்கும் பொருந்தும். உங்கள் பாட்டி செய்த ஒரு செயல், அதனால் நீங்கள் இன்று செய்யும் ஒரு செயல், இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். "பேனா இரவல் குடுத்தா மூடியைக் கையில வெச்சுக்கோன்னு சொன்னீங்க பாட்டி. இதுவரைக்கும் என் பேனா ஒண்ணுகூடத் தொலையல." இப்படி மூன்று போதும். பாட்டி கண்டிப்பானவர் என்றால் அந்தக் கண்டிப்பையும் சொல்லுங்கள். எதற்குக் கண்டித்தார், அதில் நீங்கள் எதை ஏற்றுக்கொண்டீர்கள் என்று சொன்னால் வெறும் புகழ்ச்சியைவிட அது அவரை அதிகம் தொடும். 120 சொற்கள் நிதானமாகப் படிக்க ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும், அதுவே அளவு. பேசி முடித்ததும் தாளை அவரிடம் கொடுங்கள். பளபளப்பில்லாத வெள்ளைத் தாளில், கறுப்பு மையில், 20 புள்ளி எழுத்தில் அச்சிட்டால் கண்புரை உள்ளவரும் படிக்கலாம்.

கடலுக்கு மெரினா போங்கள். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, நடக்க முடியாதவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் தண்ணீர் அருகே போவதற்காக 2022-இல் மரப்பாதை அமைத்தார்கள். மாலை 4.30 வாக்கில் போனால் வெயில் முதுகுப் பக்கம் விழும், கடல் கண்ணைக் கூசாது. காலையில் சூரியன் கடலுக்கு மேல் நேர் எதிரே நிற்கும். ஞாயிறும் விடுமுறை நாளும் வேண்டாம், பாதையே நெரிசலாகிவிடும். புயல் எச்சரிக்கை, கனமழைக்குப் பிறகு பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். காற்றுக்கு ஒரு சால்வை, காதுக்கருவிக்குச் சின்ன டப்பா. கடற்காற்றில் கருவி ஓயாமல் இரைந்தால் கழற்றி அதில் வைத்துக்கொள்ளலாம். பாட்டி காலை நனைக்க ஆசைப்பட்டால் மூடி உள்ள சிறு வாளியில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றுங்கள். சர்க்கரை உள்ளவர் என்றால் பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்கில் மணல் இல்லாமல் துடைத்து, செருப்பைத் தட்டிப் போட்டுவிடுங்கள்.